நோவு தராத நோய்

உப்புக்குப் பெயர் பெற்றது நம் நாகை மாவட்டத்து வேதாரண்யம். 1930-ஆம் ஆண்டு, இராஜாஜி அவர்கள் தொண்டர் படையுடன் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது அங்கேதான். அன்று விடுதலையின் சின்னமாய் விளங்கிய உப்பு, அளவு மீறும்போது நம் வீட்டு முதியோருக்குப் பகையாகின்றது.

அண்மையில் நோயுற்ற தாயார் ஒருவருக்கு நன்மை வழங்கச் சென்றிருந்தோம். எழுபதைக் கடந்தவர், பாரிசவாயுவால் வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. தலைமாட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அது நிறைய, பிரிக்கப்படாத இரத்தக் கொதிப்பு மாத்திரைகள்! "தலை சுற்றினால் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன், சாமி. நன்றாகத்தானே இருந்தேன்!" என்றார் குழறிய குரலில்.

அன்பார்ந்த பெற்றோரே, பெரியோரே! இந்நோயின் வஞ்சகம் இதுவே. பெரும்பாலும் இது வலியோ மயக்கமோ காட்டுவதில்லை. முதுமையில் இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, உப்பு மிகும்போது உடலில் நீர் தங்குகின்றது, அழுத்தம் ஏறுகின்றது. 140/90 என்ற அளவை அது தொடர்ந்து எட்டுமாயின், இதயமும் மூளையும் சிறுநீரகமும் ஓசையின்றிப் பழுதுறும்.

தமிழகத்தில் 2020-இல் நடந்த ஆய்வின்படி, வயது வந்தோரில் மூவருள் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தோரோ நூற்றுக்கு ஏழு பேரே! 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இன்று மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. 2023–24 ஆய்வில் அந்த ஏழு, பதினேழாக உயர்ந்தது. மகிழ்ச்சியே. ஆயினும், எஞ்சிய எண்பத்து மூவர்? அவர்களுள் நம் தாய் தந்தையரும் இருக்கக்கூடுமன்றோ!

ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்கும் குறைவே போதுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் ஒரே தட்டில் கூடினால் அந்த அளவு என்னவாகும்? கருவாட்டை நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசினால் உப்பு ஓரளவு குறையும். எனினும் அது அன்றாட உணவாக வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். நலமாக உணர்வது, நோய் நீங்கியதற்குச் சான்றாகாது. மருந்து வேலை செய்வதாலும் அளவு சீராக இருக்கலாம்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் பிள்ளைகளே! தொலைபேசியில் "நலமா?" என்று கேட்டால், "நலமே" என்றுதான் பெற்றோர் சொல்வர். அத்துடன், "இன்றைக்கு மாத்திரை போட்டாச்சா, அம்மா?" என்றும் கேளுங்கள். அந்த டப்பா நிறைந்து கிடப்பதற்கு, இந்த ஒரு கேள்வி இல்லாமற் போனதும் ஒரு காரணமே.