ஆடை அங்காடியும் அகவமைப்பும்

ஆடை விற்கும் அங்காடிக்கு நான்கு சுவரும் ஒரு கூரையும் போதுமென எண்ணுதல் இயல்பு. ஆயின், அங்காடியின் அகவமைப்பு வணிகத்தின் போக்கையே மாற்ற வல்லது. இவ்வுண்மைக்குப் பாரிஸ் நகரத்துப் 'போன் மார்ஷே' தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பாரிசின் புடைவைக் கடைகள் பெரும்பாலும் சிறியனவாயும் இருள் சூழ்ந்தனவாயும் இருந்தன. துணிகள் விற்போனின் பின்னாலுள்ள தட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கும். கடையினுட் புகுந்தோர் பேரம் பேசி ஏதேனும் வாங்கியே மீளவேண்டுமென்பது எழுதாச் சட்டம். 1852 இல் போன் மார்ஷேயிற் பங்காளராகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிக்கோ இம்முறையைக் கைவிட்டார். பொருள்களுக்கு விலை குறிக்கப்பட்டது. வாங்காதாரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்றாயிற்று.

பார்க்க வருவோர்க்குப் பார்க்கத்தக்க இடம் வேண்டுமன்றோ? எனவே, 1869 இல் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னர் அதன் விரிவாக்கத்தில் லூயி சார்ல் புவாலோ என்னும் கட்டடக் கலைஞரும் குஸ்தாவ் ஈபெல் என்னும் பொறியியலாளரும் பங்குகொண்டனர். இரும்புச் சட்டகம் பாரத்தைத் தாங்கியமையால் தடித்த உட்சுவர்கள் வேண்டப்படவில்லை, மண்டபங்கள் அகன்றன. கண்ணாடிக் கூரை வழியே பகலொளி உள்ளே இறங்கியது. இஃது அழகுக்கு மாத்திரம் உரியதன்று. விளக்கொளியில் ஒன்றாய்த் தோன்றும் இரு நிறங்கள் பகலொளியில் வேறுபடுதல் உண்டு. ஆதலால், துணியின் மெய்ந்நிறத்தை அறிய நல்லொளி இன்றியமையாதது. காத்திருப்போர் இளைப்பாற வாசிப்பு அறையொன்றும் அங்கு அமைந்திருந்தது.

ஆயினும், வசதி செய்தல் வேறு, வசப்படுத்தல் வேறு. எமில் சோலா இத்தகைய அங்காடிகளை நேரில் ஆராய்ந்து 1883 இல் ஒரு நாவலை வெளியிட்டார். அதில் வரும் அங்காடி அதிபன் ஒன்றோடொன்று தொடர்புடைய பகுதிகளை வேண்டுமென்றே தூரத்தூர அமைக்கின்றான். ஒன்றைத் தேடி வந்தவள் பல பகுதிகளைக் கடந்து, நினையாதனவற்றையும் வாங்கி மீள்கின்றாள். அயலிலுள்ள சிறு கடைகளோ நலிந்து அழிகின்றன.

இன்றைய ஆடையகங்களிலும் இவ்விரு போக்குகளும் காணப்படுகின்றன. நேரிய ஒளியும், அகன்ற வழியும், உடுத்துப் பார்க்கும் அறையில் உருவத்தைத் திரிக்காத கண்ணாடியும் வாங்குவோரின் அறிவுக்குத் துணைசெய்வன. கண்ணை மயக்கும் விளக்கும் சுற்றிச்சுற்றி நடத்தும் வழியும் அவ்வறிவை மழுங்கச் செய்வன. எனவே, ஓர் அங்காடியின் அகவமைப்பை அதன் எழில் கொண்டு மாத்திரம் மதித்தல் சாலாது. நாடி வந்ததைத் தெளிந்து தெரிந்தெடுக்க அது இடந்தருகின்றதா என்பதே உரைகல்லாகும்.