பந்து உதைக்கும் பெண்ணுக்குக் கல்லூரி வேண்டாமா?

எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போக கம்பெனி பஸ் தயாராக நிற்கும். பதினெட்டு வயசு ஆச்சா, பிளஸ் டூ பாஸா, ஏறிக்கொள்! வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்கு ஒரு விடுதி திறந்தார்களே, அதில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். உழைத்துச் சம்பாதிப்பதில் ஒரு குறையும் இல்லை. என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போய்த்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் வேறு ஆசை வைத்திருக்கும் பெண்ணையும் அதே பஸ்ஸில்தான் ஏற்ற வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து கால்பந்து ஆடுகிறாள். காலேஜ் டீமில் ஆட வேண்டும், பிறகு யுனிவர்சிடி டீமில் ஆட வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். "வயசுப் பொண்ணு டவுசர் போட்டுக்கிட்டு பந்து உதைச்சா எவன் கட்டிக்குவான்?" என்கிறார் மாமியார். "மூணு வருஷம் எதுக்குக்கா வீணா? இப்பவே கம்பெனிக்கு அனுப்புனா நகைக்காவது ஆகும்" என்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண். வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பந்து ஆடி என்ன ஆவப் போறா? அதை முதல்ல சொல்லு" என்றார். நியாயமான கேள்விதானே? நான் பத்தாவது வரைதான் படித்தவள். ஆனாலும் பி.டி. மாஸ்டரைக் கேட்டு, பேப்பர்களைப் புரட்டி, தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். என்னைப் போன்ற அம்மாக்களுக்கு உதவட்டும்.

பந்து ஆடி என்ன ஆவாள்? கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். 2020 கொரோனா ஊரடங்கில் சென்னை அண்ணாநகரில் காக்கிச் சட்டையோடு டூட்டி பார்த்தவர் அவர். சந்தியா ரங்கநாதனும் கடலூர் மாவட்டம்தான். அரசு விடுதியில் தங்கிப் படித்து இந்திய அணிக்கு வந்தவர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் கட்டாக்கில் மணிப்பூரையும், 2023இல் அமிர்தசரசில் ஹரியானாவையும் 2-1 என்று தோற்கடித்து தேசியப் பட்டம் வாங்கியது. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்தது. அரசு வேலையில் சாதித்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் கொண்டுவந்தார்கள்.

எல்லாரும் இந்துமதி ஆகிவிட முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் இந்தியாவுக்கு ஆடாத பெண்ணுக்கும் பந்தால் ஒரு காலேஜ் சீட் கிடைக்கலாம். அதைத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்கிறார்கள். அரசு கலைக் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்னாலேயே விளையாட்டு, என்.சி.சி. போன்ற சிறப்புப் பிரிவுகளைத் தனியாகக் கூப்பிடுவார்கள். இன்ஜினியரிங் கலந்தாய்விலும் விளையாட்டுக்கு 500 இடங்கள் ஒதுக்கி வந்திருக்கிறார்கள். தனியார் கல்லூரிகள் சில, டிரையல்ஸ் வைத்து நன்றாக ஆடுகிற பிள்ளைக்கு ஃபீஸைக் குறைக்கின்றன, ஹாஸ்டலும் தருகின்றன. விளையாட்டையே படிப்பாகப் படிக்க வேண்டுமானால் வண்டலூர் போய் கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பினால் மேலக்கோட்டையூர். அங்கே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது.

சகோதரிகளே, இதில் முக்கியமானது சர்டிபிகேட். பள்ளிகளுக்குள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி படிப்படியாக ஏறும். மேலே போகப் போக மார்க் கூடும். மாவட்டத்துக்கு ஆடியவளைவிட மாநிலத்துக்கு ஆடியவளுக்கு முன்னுரிமை. ஊரில் யாரோ நடத்துகிற டோர்னமென்ட்டில் வாங்கிய கோப்பை ஷோகேசுக்கு அழகு, கோட்டாவுக்குப் பெரும்பாலும் உதவாது. எந்தப் போட்டிக்கு எந்தப் படிவம், அதில் யார் கையெழுத்து வேண்டும் என்பதை பி.டி. மாஸ்டரிடம் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்துப் போனால் மாஸ்டர் மாற்றலாகிப் போயிருப்பார். பழைய வருஷத்து சர்டிபிகேட் எல்லாம் செல்லாது, கடைசி சில வருஷங்களில் வாங்கியதுதான் கணக்கு. அதனால் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் "படிக்கிற நேரத்துல பந்து எதுக்கு?" என்று நிறுத்திவிட்டால், அதுவரை ஓடிய ஓட்டம் அத்தனையும் வீண். விண்ணப்பத்தில் விளையாட்டுப் பிரிவு என்ற கட்டத்தைக் குறிக்க மறக்கக் கூடாது. ரேஷன் கார்டு வைக்கிற பையிலேயே நான் இவற்றையும் வைத்திருக்கிறேன்.

படிப்பையும் விடக் கூடாது. கோட்டா என்றாலும் பாஸ் ஆக வேண்டும். சாப்பாடும் முக்கியம். நம் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஓடுகிற பிள்ளைக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, முடிந்தால் தினம் ஒரு முட்டை. இதற்குப் பெரிய செலவு இல்லை. அதிகச் செலவு ஷூவுக்குத்தான். 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு பிராக்டிசுக்குப் போய்வரும் காசு மிச்சமானது. அதில் சேர்த்துத்தான் ஷூ வாங்கினேன்.

பெண்ணுக்கு எதற்கு விளையாட்டு என்ற பேச்சு நம் ஊரில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1972இல் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் வாங்கும் பள்ளி, கல்லூரி எதுவும் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது என்றது. அதற்கு முன் அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் சுமார் 3 லட்சம்தான். இன்று 30 லட்சத்துக்கும் மேல். பெண் பிள்ளைகளின் கால் ஒரே நாளில் பலமாகிவிட்டதா என்ன? கதவைத் திறந்தார்கள், ஓடினார்கள்.

கம்பெனி எங்கும் போய்விடாது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலையை 2014 நவம்பரில் மூடினார்கள். அதில் வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி இளம் பெண்கள். ஒரு கம்பெனி போகும், இன்னொன்று வரும். டிகிரி முடித்துவிட்டுப் போனாலும் வேலை கேட்கலாம், போகிற இடமும் வேறாக இருக்கும். ஆனால் பதினேழு வயசில் விட்ட ஆட்டத்தை இருபத்தைந்தில் போய் எடுக்க முடியுமா?

இதையெல்லாம் சொன்னதும் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, பிளஸ் டூ வரைக்கும் கிரவுண்டை நிறுத்த வேணாம். டிரையல்சுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். மாமியார் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்கு மாநிலப் போட்டி சர்டிபிகேட்டைக் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் தெருவிலும் ஒரு பெண் சாயங்காலம் பந்தோடு திரும்பி வருவாள். "எவன் கட்டுவான்?" என்று கேட்காதீர்கள். "சர்டிபிகேட் வாங்கிட்டியாம்மா?" என்று கேளுங்கள். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, ஒரகடம்.