கூரையில் பனல், வாசலில் கார், வீட்டில் இருட்டு

"தம்பி, கூரையில அஞ்சு கிலோவாட் பனல் கிடக்கு. வாசலில கரண்டில ஓடுற கார் நிக்குது. லைன் போனா மட்டும் நான் ஏன் பனையோலை விசிறியோட இருக்கவேணும்?"

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பின்னாலுள்ள ஒழுங்கை ஒன்றில் இருக்கும் ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவரின் கேள்வி இது. பனல் பூட்டிச் சில வருடங்கள் ஆகின்றன. கார், பிரான்சிலிருக்கும் மகன் எடுத்துக் கொடுத்தது. கேள்வியில் பிழையில்லை. பனல் விற்றவரும் கார் விற்றவரும் இதைச் சொல்லாமல் போனதுதான் பிழை. தேத்தண்ணி வரட்டும், ஆறுதலாகப் பார்ப்போம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணி கடந்ததும் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் புகுந்த குரங்குதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொன்னதால் குரங்கைப் பற்றியே எல்லாரும் கதைத்தார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. போனது பட்டப்பகலில். சூரியன் உச்சிக்கு ஏறும் நேரத்தில், இலங்கை முழுவதும் கூரைகளில் கிடந்த பனல்கள் ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டன. மாஸ்ரரின் பனலும் அதில் ஒன்று.

பனல் பழுதில்லை. அதோடு பூட்டிய இன்வேர்ட்டர் அப்படி நடக்கும்படிதான் செய்யப்பட்டது. மிச்சக் கரண்டை லைனுக்கு விட்டுப் பில்லில் கழிக்கும் நெற் மீற்றரிங் 2010இல் வந்து, 2016இல் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் தொடங்கிய பிறகு எங்கள் வீடுகளில் பூட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை லைனைப் பார்த்து நடக்கிற இன்வேர்ட்டர்கள். லைனில் 230 வோல்ட்டும் செக்கனுக்கு 50 சுற்றும் இருந்தால்தான் அவை வேலை செய்யும். தாளம் போட ஆளில்லாவிட்டால் வாய் திறக்காத பாடகர் மாதிரி. லைன் போனால் இரண்டு செக்கனுக்குள் நின்றுவிட வேண்டும் என்பது விதி.

ஏன் இந்த விதி? லைன் செத்துவிட்டது என்று நம்பி ஒரு லைன்மன் கம்பத்தில் ஏறியிருப்பார். உங்கள் வீட்டிலிருந்து 230 வோல்ட் வெளியே போனால், ஒழுங்கை முகப்பில் நிற்கும் ட்ரான்ஸ்போமர் அதைத் தலைகீழாக வாங்கி, அந்தப் பக்கம் 11,000 அல்லது 33,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். அவருக்கு அது தெரியாது.

அப்படியானால் லைன் இல்லாத நேரம் பனலை வேலை வாங்க என்ன வழி? வீடு தன்னைத்தானே லைனிலிருந்து கழற்றிக்கொண்டு, தானே தாளம் போட வேண்டும். ஹைபிரிட் இன்வேர்ட்டரும் ஒரு பற்றரியும் அதைச் செய்யும். ஊர்காவற்றுறைக்கு அப்பால் எழுவைதீவில் வெயில், காற்று, பற்றரி, டீசல் நான்கையும் சேர்த்துத் தனி மின்வலையே ஓடுகிறது. வீட்டுக்குள் நடப்பதும் அதன் சின்ன வடிவம்தான்.

"பற்றரிக்கு ஏன் காசு? கார் முழுக்கப் பற்றரிதானே" என்றார் மாஸ்ரர். சரிதான். வாகனத்திலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதுசும் இல்லை. 1990இல் போரால் மின்சாரம் நின்றபின், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. இப்போது சைக்கிளுக்குப் பதில் 50, 60 யுனிட் கொள்ளும் பற்றரி. சிக்கனமான வீடு ஒன்று ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து ஐந்து யுனிட் எரிக்கும். காரில் 20 யுனிட்டை மட்டும் எடுத்தாலும் நாலு நாள் ஓடும்.

ஆனால் எத்தனை யுனிட் இருக்கிறது என்பது ஒன்று, ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது வேறொன்று. புதிய மின்கார்கள் சிலவற்றில் வி-டு-எல் என்றொரு வசதி உண்டு: சார்ஜ் செய்யும் வாயிலேயே ஒரு கேபிளைச் செருகினால் 230 வோல்ட் வெளியே வரும். பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றரை கிலோவாட் வரைதான். லைற், ஃபான், பிறிட்ஜ், ரவுட்டர் எல்லாம் சேர்ந்தும் அரைக் கிலோவாட் வராது, ரைஸ் குக்கரும் தாங்கும். இடிக்கிற இடம் கிணற்று மோட்டர். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது முக்கால் கிலோவாட்டுக்கு மேல் எடுக்கும், ஸ்ரார்ட் ஆகும் கணத்தில் அதைப்போல நாலைந்து மடங்கு கேட்கும். கார் உடனே கையை இழுத்துக்கொள்ளும். அரைக் குதிரைவலு மோட்டருக்கு மாறலாம், சொஃப்ட் ஸ்ரார்ட்டர் பூட்டலாம். எல்லாவற்றிலும் மலிவான வழி, லைன் இருக்கும்போதே மேல்டாங்கியை நிரப்பி வைப்பது.

கேபிளை வீட்டுக்குள் கொண்டுவரும் இடத்தில்தான் எனக்குப் பயம். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் செய்து, காரிலிருந்து வரும் கரண்டைச் சுவர் சொக்கற்றில் குத்தும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஜெனரேற்றர் காலத்துப் பழக்கம். மெயின் சுவிச்சை இறக்க மறந்தால், மேலே சொன்ன லைன்மன்தான் முதல் பலி. லைன் திரும்பி வரும்போது காரும் போய்விடும். ஜெனரேற்றருக்குப் பூட்டுவது போல ஒரு சேஞ்ச்ஓவர் சுவிச் கட்டாயம் வேண்டும்: ஒன்றில் லைன், அல்லது கார், இரண்டும் சேரவே முடியாதபடி. இன்னொன்று, பல கார்களின் வெளியீட்டில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்போது வீட்டு ட்ரிப் சுவிச் விழவேண்டிய நேரத்தில் விழாமல் விடலாம். எலெக்ற்றீசியனிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். விளங்காதவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

மாஸ்ரர் விடவில்லை. "கார் தாளம் போடட்டும், பனல் இன்வேர்ட்டர் லைன் வந்திட்டுது எண்டு நினைச்சு எழும்பட்டும்." எழும்பவும் கூடும். ஆனால் வீடு எரிப்பது அரைக் கிலோவாட், பனல் தருவது நாலு என்றால் மிச்சம் எங்கே போகும்? காரின் வி-டு-எல் கொடுக்கத் தெரிந்தது, வாங்கத் தெரியாதது. பின்பக்கமாகத் தள்ளினால் அதன் உள்ளுறுப்பு எரியலாம். இந்த விளையாட்டு வேண்டாம்.

பழைய நிசான் லீஃப் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு யப்பானில் அந்தக் காரிலிருந்து வீட்டுக்கு ஆறு கிலோவாட் எடுக்கும் பெட்டி 2012இல் விற்பனைக்கு வந்தது. இங்கு வந்த லீஃப்களிலும் அதே சார்ஜ் வாய் உண்டு. ஆனால் பெட்டி யப்பானிய வீடுகளின் 100 வோல்ட் வயரிங்குக்கென்று செய்தது. அதை இறக்கி மாற்றியமைக்கும் செலவுக்கு இங்கேயே ஒரு ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பற்றரியும் வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு.

மாஸ்ரருக்கு நான் சொன்னதும் அதுதான். ஐந்து யுனிட் பற்றரியோடு ஹைபிரிட் ஒன்று. இப்போது கரண்ட் போவது பெரும்பாலும் மணித்தியாலக் கணக்கில்; அதற்கு அது போதும். லைன் இல்லாத பகலில் பனல் ஓடும், காரையும் மெதுவாக நிரப்பலாம். சார்ஜ் அளவை ஆறு அம்பியருக்கு இறக்கிவிட்டால் ஏறத்தாழ 1.4 கிலோவாட்தான் எடுக்கும். காரின் வி-டு-எல்லைப் புயல் நாட்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

லைன் இருக்கும் நாட்களிலும் காரை நண்பகலில் சார்ஜ் செய்வதுதான் முறை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைப் பனல்களைப் பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் பூட்டு, வெயில் உச்சம், எரிக்க ஆளில்லை. அந்தப் பெப்ரவரி ஞாயிறு லைன் அதிர்ச்சியைத் தாங்காமல் விழுந்ததற்கும் இந்தச் சமநிலைக் குறைவை ஒரு காரணமாகச் சபை சொன்னது. பின்னேரம் ஆறரையிலிருந்து பத்தரை வரை கதை தலைகீழ்: எல்லா வீட்டிலும் லைற், பனலில் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் காரைச் செருகுவதுதான் ஊருக்குக் கேடு. கந்தோருக்குக் காரோடு போகிறவர்களுக்கு இது கஷ்டம். ஓய்வுபெற்ற மாஸ்ரருக்கு இல்லை.

ஒரு கிலோவாட் பனல் நல்ல நாளில் இங்கே நாலு யுனிட் அளவில் தரும். கார்த்திகை, மார்கழி மாரியில் அந்தக் கணக்கு நிற்காது. புயல் வருவதும் அப்போதுதான்: 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி. ஆகவே எச்சரிக்கை வந்த அன்றே காரை லைனிலிருந்து நிரப்புங்கள், டாங்கியையும் நிரப்புங்கள். காரின் திரையில் வி-டு-எல் எந்த அளவில் நிற்கவேண்டும் என்று குறிக்க ஓரிடம் இருக்கும். அதில் முப்பது வீதம் போடுங்கள். 50 யுனிட் காரில் அது 15 யுனிட். திருநெல்வேலியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ தரம் போய்வரக் காணும்.