எட்டு டாலருக்கு எத்தனை சாட்சி?

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்ந்த கையோடு நியூயார்க்கில் ஒரு கையெழுத்துப் போட்டி அறிவிக்கப்பட்டது. போரில் வலது கையை இழந்த வடபுல வீரர்களுக்கு மட்டுமான போட்டி. இடது கையால் எழுதி அனுப்ப வேண்டும். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். ஏர் பிடித்தும் உளி பிடித்தும் பிழைத்தவர்களுக்கு அந்த வேலை இனி இல்லை. கையெழுத்து தேறினால் எழுத்தர் வேலையாவது கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் அவர்களை எழுத வைத்தது. சிலர் எந்தக் களத்தில் கை போனது என்பதையே எழுதினார்கள். பழக்கமில்லாத கையால் அவ்வளவு அழகாக எழுத எத்தனை இரவு பழகியிருப்பார்கள்!

அந்தப் போரில் பயன்பட்ட ஈயக் குண்டு எலும்பைத் துளைக்காது, நொறுக்கும். நொறுங்கிய கையை வெட்டி எடுப்பதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. இரு தரப்பிலும் சுமார் 60,000 பேருக்கு இப்படிக் கையோ காலோ போனது. தோற்ற தென்புலத்தில் வட கரோலினா மாநிலம் 1866இலேயே தன் வீரர்களுக்குச் செயற்கைக் கால் கொடுக்கத் தொடங்கியது.

கை போனவனைப் பார்த்தால் தெரியும். பார்த்தால் தெரியாத நோயோடு வந்தவன் என்ன செய்வான்? அந்தப் போரில் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குண்டடியால் சாகவில்லை. வயிற்றுப்போக்கும் டைபாய்டும் கொண்டுபோயின. அவற்றில் பிழைத்தவர்களில் பலர் வாழ்நாள் முழுக்க ஓயாத வயிற்றுக் கோளாறோடு கிடந்தார்கள். இன்னும் சிலருக்கு நெஞ்சு படபடத்தது, மூச்சு வாங்கியது. பரிசோதித்தால் இதயத்தில் பழுது இல்லை. பிலடெல்பியா மருத்துவர் ஒருவர் இப்படிப்பட்ட முந்நூறு பேரை ஆராய்ந்து 1871இல் எழுதினார்.

1862 சட்டப்படி, முழுதும் முடமான சாதாரண வடபுலச் சிப்பாய்க்கு மாதம் எட்டு டாலர் ஓய்வூதியம். ஆனால் அந்த ஊனம் போரில்தான் வந்தது என்று அவனே நிரூபிக்க வேண்டும். மேலதிகாரி சொல்ல வேண்டும், கூட இருந்த வீரன் சொல்ல வேண்டும், மருத்துவர் எழுதித் தர வேண்டும். மேலதிகாரி களத்திலேயே இறந்திருந்தால்? என் மனசை அறுப்பது இந்தக் கேள்விதான். உயிரைப் பணயம் வைக்க அழைத்தபோது அரசு யாரிடமும் சாட்சி கேட்கவில்லை.

விதவைகள் பட்ட பாடு இன்னும் கொடுமை. கல்யாணத்துக்கு ஆதாரம், பிள்ளைகள் பிறந்ததற்கு ஆதாரம். மறுமணம் செய்தால் பணம் நின்றுவிடும். 1882இல் வந்த சட்டமோ, வேறொரு ஆணோடு வாழ்கிறாள் என்று தெரிந்தாலே நிறுத்தச் சொன்னது. விசாரணைக்கு வந்தவர்கள் அக்கம்பக்கத்தாரிடம் அவள் ஒழுக்கத்தைக் கேட்டார்கள். புருஷனைப் போருக்குக் கொடுத்தவள் ஊர் வாயில் விழ வேண்டியிருந்தது.

1890இல் விதி தளர்ந்தது. 90 நாள் பணியாற்றி, உடலுழைப்புக்கு முடியாமல் போயிருந்தால் போதும், காரணம் போர்தானா என்று பார்க்கவில்லை. மூன்றே ஆண்டில் ஓய்வூதியர் எண்ணிக்கை பத்து லட்சத்தை நெருங்கியது. அரசு வருவாயில் சுமார் 40 சதவீதம் அதற்கே போனது. போலி மனுக்கள் கருவூலத்தைச் சுரண்டுகின்றன என்று அன்று எதிர்ப்பு எழுந்தது. போலிகள் இருந்தது உண்மைதான். அதற்காக எல்லோரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது என்ன நியாயம்?

அந்தப் பார்வை கடைசியாக விழுந்தது வடபுலத்துக்காகப் போரிட்ட சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் மேல். 1864 ஜூனில் சட்டம் திருத்தப்படும்வரை அவர்களுக்குச் சம்பளமே குறைவு. அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமைகளின் திருமணத்தைத் தென்மாநிலச் சட்டம் ஏற்றதில்லை என்பதால் அவர்களின் மனைவிமார் காட்டக் காகிதம் எதுவும் இருக்கவில்லை. சேர்ந்து வாழ்ந்ததைக் கண்டவர் சொல்லே போதும் என்று பிறகு விதி வந்தது. ஆனாலும் வெள்ளையர் மனுக்களைவிட அவர்கள் மனுக்களே அதிகம் தள்ளுபடியாயின. 1907இல், 62 வயதானாலே ஓய்வூதியம் உண்டு என்று அறிவித்தார்கள். பிறந்த தேதியை எவரும் குறித்து வைக்காத அந்தக் கிழவர்கள், இப்போது தங்கள் வயதுக்குச் சாட்சி தேடிப் புறப்பட்டார்கள்.