கணினிக்கும் பொருத்தம் பார்க்கலாம்!

"டீச்சர், எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல கேம் திக்கித் திக்கி ஓடுது. எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினா சரியாகும்?"

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் இப்படியொரு கேள்வி எழுவது இன்று இயல்பு. கணினி ஆசிரியரிடம்தான் கேட்பார்கள் என்றில்லை. மாணவர்கள் மனம்விட்டுப் பேசும் எந்த ஆசிரியரிடமும் இது வரும்.

விளையாட்டைப் பற்றிய கேள்விதானே என்று நாம் கடந்துவிடலாம். ஆனால், கேட்கும் மாணவரின் வீட்டில் சில ஆயிரம் ரூபாய் செலவாகப் போகிறது. அது சீட்டு எடுத்த பணமாகவோ, பண்டிகைக்காகச் சேர்த்த பணமாகவோ இருக்கலாம். பொருந்தாத பாகத்தை வாங்கிப் பெட்டியைப் பிரித்துவிட்டால், பல கடைகளில் அதைத் திரும்பப் பெறுவதில்லை. அதே கணினியில்தான் வீட்டில் இன்னொருவர் போட்டித் தேர்வுக்குப் படிப்பார், கல்லூரிக்கு விண்ணப்பிப்பார். தவறான பாகத்தால் அது பழுதானால் இழப்பு இன்னும் பெரிது.

இதற்கு வழிகாட்ட நாம் வன்பொருள் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. "எது நல்ல கார்டு?" என்ற கேள்வியை, "என் கணினி எதை ஏற்றுக்கொள்ளும்?" என்று மாற்றிக் கேட்க மாணவருக்குப் பழக்கினால் போதும். அந்த விடைகளைப் பணம் கொடுப்பதற்கு முன்பே தாளில் எழுதிப் பார்த்துவிட முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு

அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த கணினிகள் குறைந்த விலைக்குச் சந்தையில் கிடைக்கின்றன. பல வீடுகளில் முதல் கணினி இதுதான். அப்படிப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2015இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-6500 பிராசசர், ஒற்றை 4 ஜிபி டிடிஆர்4 ரேம், ஹார்டு டிஸ்க், 240 வாட் எஸ்எம்பிஎஸ், ஒடுக்கமான கேபினட். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை.

முதலில் தடை எங்கே என்று அறிவோம்

விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பிராசசர், ரேம், டிஸ்க், கிராஃபிக்ஸ் ஆகிய நான்கும் எத்தனை விழுக்காடு இயங்குகின்றன என்று தெரியும். எது 100 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறதோ அதுதான் தடை. ரேம் நிரம்பி வழியும் கணினிக்கு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டாலும் திக்கல் தீராது. காய்ச்சலின் காரணம் அறியாமல் மருந்து வாங்குவதைப் போன்றது அது.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடினால் தாய்ப்பலகையின் பெயர், பிராசசரின் பெயர், பயாஸ் பதிப்பு ஆகியவை கிடைக்கும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் ரேமின் வகையையும் காட்டும். இந்த விவரங்களைக் குறித்துக்கொண்ட பிறகு பொருத்தம் பார்க்கத் தொடங்கலாம்.

முதல் பொருத்தம்: ரேம்

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை மூன்று தனித்தனி வகைகள். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. டிடிஆர்3இல் 240 பின்கள். மற்ற இரண்டிலும் 288 பின்கள் இருந்தாலும் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்4 இயங்குவது 1.2 வோல்ட்டில், டிடிஆர்5 1.1 வோல்ட்டில். மடிக்கணினி ரேம் நீளத்தில் ஏறக்குறைய பாதிதான். அது மேசைக் கணினிக்கு ஆகாது.

ஒரே 8 ஜிபி ரேமைவிட இரண்டு 4 ஜிபி ரேம்கள் பல நேரங்களில் நல்ல பலன் தரும். 2133 வேகமுள்ள டிடிஆர்4 ரேம் ஒரு பரிமாற்றத்துக்கு 8 பைட் அனுப்புகிறது. 2133 × 8 = 17,064; அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 17 ஜிபி. சரியான இரண்டு ஸ்லாட்டுகளில் இரண்டு ரேம்களைப் பொருத்தினால் இந்தப் பாதை இரட்டிப்பாகிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினி, படம் வரையவும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 3200 வேக ரேமை இந்தக் கணினியில் போட்டாலும் அது 2133 வேகத்தில்தான் ஓடும் என்பதால், வேகத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் பொருத்தம்: எஸ்எஸ்டி

ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கணினி விரைவில் உயிர்பெறும். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும். ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் 100 முதல் 200 எம்பி வரைதான். சாட்டா இணைப்பு பழைய கணினிகளிலும் உண்டு என்பதால் பொருத்தச் சிக்கல் குறைவு.

எம்.2 வடிவ எஸ்எஸ்டி வாங்குவதானால் கவனம் தேவை. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அதில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. சில தாய்ப்பலகைகள் ஒன்றை மட்டுமே ஏற்கும், சிலவற்றில் எம்.2 ஸ்லாட்டே இருக்காது.

இன்னொன்றையும் மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். எஸ்எஸ்டியால் விளையாட்டு விரைவாகத் திறக்கும். காட்சிகளுக்கு இடையிலான காத்திருப்பு குறையும். ஆனால் வினாடிக்கு எத்தனை படங்கள் திரையில் ஓடுகின்றன என்பது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

மூன்றாம் பொருத்தம்: பிராசசர்

இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஐ5-6500 அமரும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151. 2017இல் வந்த எட்டாம் தலைமுறை ஐ5-8400 பிராசசரின் சாக்கெட்டும் எல்ஜிஏ 1151தான். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்கினால் அது இயங்காது. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கு 100, 200 வரிசைத் தாய்ப்பலகைகள். எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கு 300 வரிசை. சாக்கெட் பெயரைப் பார்த்தால் மட்டும் போதாது. தாய்ப்பலகைத் தயாரிப்பாளரின் தளத்திலுள்ள ஏற்புடைய பிராசசர் பட்டியலில் அதன் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்பதையும் சொல்லும்.

நான்காம் பொருத்தம்: கிராஃபிக்ஸ் கார்டு

முதலில் இடத்தை அளக்க வேண்டும். ஒடுக்கமான கேபினட்டில் லோ புரொஃபைல் எனப்படும் உயரம் குறைந்த கார்டு மட்டுமே நுழையும். அளவுகோலால் உள்ளிடத்தின் நீளம், உயரம் இரண்டையும் அளந்து, கார்டின் அளவோடு ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது ஜிபி மயக்கம். "4 ஜிபி கார்டு" என்ற சொல் மட்டும் எதையும் உறுதிசெய்யாது. 2014இல் வெளிவந்த ஜிடி 730 கார்டும் 4 ஜிபியில் கிடைக்கிறது. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டும் 4 ஜிபிதான். ஆனால் டிடிஆர்3 நினைவகமும் 64 பிட் பாதையும் கொண்ட ஜிடி 730இல் வினாடிக்கு 14.4 ஜிபி தரவுதான் செல்லும். ஜிடிடிஆர்5 வகை ஜிடிஎக்ஸ் 1650இல் 128 ஜிபி செல்லும். ஏறக்குறைய ஒன்பது மடங்கு! குடத்தின் கொள்ளளவு ஒன்று, குழாயின் அகலம் வேறொன்று என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே புரியும்.

ஐந்தாம் பொருத்தம்: மின்சாரம்

கடைசியாக நினைக்கப்படுவதும் அதிகச் சேதத்தை உண்டாக்குவதும் இதுதான். கிராஃபிக்ஸ் கார்டு அமரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரலாம். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வேண்டும். 6 பின் இணைப்பு 75 வாட்டும், 8 பின் இணைப்பு 150 வாட்டும் தரும்.

நம் எடுத்துக்காட்டுக் கணினிக்குக் கணக்கிடுவோம். பிராசசர் 65 வாட், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு 75 வாட், மற்ற பாகங்களுக்குத் தோராயமாக 50 வாட். மொத்தம் 190. கால் பங்கு கூடுதலாக வைத்தால் 237.5 வாட். 240 வாட் எஸ்எம்பிஎஸ் விளிம்பில் தாங்கும். ஆனால் தனி வயர் கேட்காத மாதிரியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

107 வாட் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். 65 + 107 + 50 = 222; கால் பங்கு கூட்டினால் 277.5. எஸ்எம்பிஎஸ்ஸின் அளவைக் கடந்துவிட்டது. இது கேட்கும் தனி வயரும் சிறிய அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் இருக்காது. வேறு எஸ்எம்பிஎஸ் வாங்கலாமே என்றால், பல அலுவலகக் கணினிகளின் எஸ்எம்பிஎஸ் அளவும் இணைப்புகளும் சந்தையில் கிடைப்பவற்றோடு ஒத்துவராதவை. சில சிறிய கணினிகளில் ஸ்லாட்டே 75 வாட் தராது. அந்த மாதிரிக்கான கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

எஸ்எம்பிஎஸ் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். வெளியே "450" என்றிருந்து, உள்ளே 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் என்றிருந்தால், பிராசசருக்கும் கார்டுக்கும் கிடைப்பது 12 × 14 = 168 வாட்தான். திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம் என்று நாம் கரும்பலகையில் எழுதும் அதே வாய்பாடு!

எங்கே நிறுத்துவது?

ரேம், எஸ்எஸ்டி இரண்டிலும் தொடங்குவது பாதுகாப்பானது. படிப்புக்கும் அவை உதவும். எஸ்எஸ்டியும் கிராஃபிக்ஸ் கார்டும் நாளை வாங்கும் கணினிக்கும் கூடவரலாம். டிடிஆர்4 ரேம், டிடிஆர்5 தாய்ப்பலகைக்கு வராது. தாய்ப்பலகை, பிராசசர், எஸ்எம்பிஎஸ் மூன்றையும் மாற்றும் நிலை வந்தால் பழையதில் பணம் போடுவதைவிடச் சேமித்து வேறு கணினி வாங்குவதே மேல்.

இயங்குதளத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 வசதி இருந்தாலும், ஐ5-6500 அதன் ஏற்புடைய பிராசசர் பட்டியலில் இல்லை. லினக்ஸ் போட்டுப் படிப்புக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் வாலரன்ட் போன்ற சில இணைய விளையாட்டுகள் லினக்ஸில் இயங்காது. இதைத் தெரிந்துகொண்டு எவ்வளவு செலவிடுவது என்று குடும்பமே முடிவெடுக்கட்டும்.

பாதுகாப்பு

கணினியைத் திறக்கும் முன் தரவுகளை வேறிடத்தில் நகலெடுத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதனுள் உள்ள மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பள்ளிக்கு வழங்கப்பட்ட கணினிகளுக்கு உத்தரவாதமும் இருப்புப் பதிவேடும் உண்டு. தலைமையாசிரியரின் அனுமதியின்றி அவற்றைத் திறக்கவோ, பாகம் மாற்றவோ வேண்டாம்.

வகுப்பறையில் செய்து பார்க்க

மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கற்பனைக் கணினியின் விவரத்தையும் ஒரு செலவு வரம்பையும் கொடுங்கள். ரேம் வகை, சேமிப்பக இணைப்பு, தாய்ப்பலகையும் பிராசசரும், கார்டுக்கான இடம், மின்திறன் என ஐந்து வரிசைகள் கொண்ட அட்டவணையை அவர்கள் நிரப்பட்டும். ஒவ்வொரு வரிசைக்கும் "பொருந்தும்", "பொருந்தாது" என்ற முடிவோடு, அந்தத் தகவல் எங்கே கிடைத்தது என்பதையும் எழுத வேண்டும். "கடைக்காரர் சொன்னார்" என்பது மட்டும் போதாது. கையேடு, தயாரிப்பாளர் தளம், பாகத்தின் மேலுள்ள ஒட்டுத்தாள் ஆகியவற்றில் ஒன்று வேண்டும்.

ஒரு குழுவின் அட்டவணையை மற்றொரு குழு சரிபார்க்கட்டும். வாட் கணக்கில் இயற்பியலும், விலைக் கணக்கில் கணிதமும், அளவெடுப்பில் செய்முறையும் சேர்ந்து வரும். தொடக்க வகுப்புகளில் பழுதான பழைய ரேம்களைக் கையில் கொடுத்து வெட்டின் இடத்தை ஒப்பிடச் சொன்னாலே போதும்.

அடுத்த முறை "எந்தக் கார்டு வாங்கலாம்?" என்று ஒரு மாணவர் கேட்டால், "உன் அட்டவணையைக் கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.