பாவித்த குளிர்பெட்டி குளிரவில்லையா?

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டு முற்றத்துச் சிறு கடையே வருமானமாகும். 2009 இல் யுத்தம் முடிந்து மக்கள் மீளக்குடியேறிய கிராமங்களுக்கு மின்சாரம் வந்தபோது, அந்தக் கடைகளில் ஐஸ் பக்கற், யோகட், குளிர்பானம் விற்கலாம் என்ற நம்பிக்கையும் வந்தது. புதிய குளிர்சாதனப் பெட்டி வாங்க எல்லோருக்கும் வசதி இல்லை. எனவே பாவித்த பொருட்கள் விற்கும் கடைகளை நாடுகின்றோம். அதில் தவறேதும் இல்லை. வாங்கிய பெட்டி குளிராதபோது, காரணம் அறியாமல் மேலும் மேலும் பணத்தைக் கொட்டுவதுதான் கவலைக்குரியது.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் களப்பணிக்குச் செல்லும் கிராமமொன்றில் ஓர் அக்கா, சீட்டுக் காசில் கண்ணாடிக் கதவு போட்ட சிறிய பெட்டியொன்றை வாங்கினார். உள்ளே நீல வெளிச்சம். கதவிலே இலக்கம் ஒளிரும். பார்க்க அழகுதான். ஆனால் வைத்த யோகட் இரண்டாம் நாளே புளித்துவிட்டது. திருத்த வந்தவரோ காஸ் முடிந்துவிட்டது என்று சொல்லிப் போயிருந்தார்.

“காஸ் அடிக்கப் பன்னிரண்டாயிரம் கேக்கிறார் பிள்ளை. குடுத்தாலும் குளிருமோ எண்டு தெரியேல்லை” என்றார் அக்கா.

இருவருமாகப் பெட்டியின் பின்புற லேபலைப் பார்த்தோம். அது வைன் போத்தல்கள் வைப்பதற்கென்று செய்யப்பட்ட பெட்டி. அதில் காஸே கிடையாது!

பெட்டிகள் இரண்டு வகை

நாம் வழமையாகக் காணும் குளிர்சாதனப் பெட்டியின் பின்னால், கீழ்ப்பகுதியில் கறுப்பு நிறக் கொம்பிரசர் இருக்கும். அது குழாய்களுக்குள் காஸைச் சுற்றவிட்டு, உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது.

சிறிய வைன் பெட்டிகள் பலவற்றில் கொம்பிரசர் இல்லை. பிஸ்கற் அளவிலான மெல்லிய தகடு ஒன்றே இருக்கும். அதனூடாக மின்சாரம் செல்லும்போது ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். 1834 இல் பிரான்ஸ் நாட்டவரான பெல்ற்றியர் கண்டறிந்த விளைவு இது. இந்த வகைப் பெட்டி, அறையின் வெப்பத்தை விட ஏறக்குறைய 15 பாகை மட்டுமே குறைத்துத் தரும். வைனுக்கு 10 முதல் 18 பாகை செல்சியஸ் வரை போதுமென்பதால், குளிர் நாடுகளில் இது நன்றாகவே வேலை செய்யும். எமது சித்திரை, வைகாசி வெயிலில் கடைக்குள் 34 பாகை என்றால் பெட்டிக்குள் 19 பாகை இருக்கும். கொம்பிரசர் உள்ள வைன் பெட்டிகளும் உண்டு. அவற்றிலும் பெரும்பாலானவை 5 பாகைக்குக் கீழே இறங்கமாட்டா.

பழுதடையக்கூடிய உணவை 5 பாகைக்குக் குறைவாக வைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. திறக்காத இன்சுலின் மருந்துக்கு 2 முதல் 8 பாகை வரை வேண்டும். ஆகவே பால், மீன், யோகட், இன்சுலின் எதையும் இந்தப் பெட்டியை நம்பி வைக்கலாகாது. பழுதே இல்லாத பெட்டியைத் திருத்துவதற்கு அந்த அக்கா 12,000 ரூபா கொடுக்க இருந்தார். இப்போது அதில் தண்ணீர்ப் போத்தல், சோடா, சொக்கலேற் மட்டும் வைத்து விற்கிறார்.

நாமே பார்க்கக்கூடியவை

1. ஒரு கோப்பைத் தண்ணீரில் வெப்பமானியை வைத்து, பெட்டியின் நடுத்தட்டில் இரவு முழுவதும் விடுங்கள். காலையில் காட்டும் அளவே உண்மையான அளவு. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.

2. பெட்டி வெயிலிலோ அடுப்புக்கு அருகிலோ இருக்கலாகாது. சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் சுமார் 10 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே குளிராது.

3. பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்புறத் தூசியைத் தூரிகையால் தட்டுங்கள்.

4. கதவு றப்பரில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். இலகுவாக வந்தால் அந்த இடத்தால் குளிர் போகிறது. றப்பரைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்ற வேண்டும்.

5. தகடு உள்ள பெட்டியில் பின்புற மின்விசிறி சுற்றுகிறதா என்று கவனியுங்கள். அது நின்று, பின்புறம் கடுமையாகச் சுட்டால் பழுது மின்விசிறியில்தான். பல பெட்டிகளில் இருப்பது கணினிக்குள் இருப்பது போன்ற 12 வோல்ற் விசிறி. மாற்றுவது பெரிய செலவல்ல. விசிறி சுற்றியும் பின்புறம் சிறிதும் சுடாவிட்டால் தகட்டிலோ மின்சாரம் வழங்கும் பலகையிலோ கோளாறு இருக்கலாம். திருத்தும் செலவைப் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

6. லேபலில் 220–240 வோல்ற் என்று இருக்க வேண்டும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். அங்கே பாவித்த பெட்டியை இங்கே நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும்.

7. மாலையில் மட்டும் கொம்பிரசர் உறுமி உறுமி நின்றால் மின் அழுத்தம் குறைவாக இருக்கக்கூடும். மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மின்சாரம் தடைப்பட்டு வந்தால் 5 நிமிடம் கழித்தே பெட்டியைப் போடுங்கள்.

8. உறைந்த ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள். குழாய் ஓட்டையானால் காஸ் வெளியேறிவிடும். பெட்டியை நிறுத்தி, தானாக உருக விடுங்கள்.

இத்துடன் நம் வேலை முடிகிறது. பின்புற மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே சில பாகங்களில் மின்சாரம் தங்கியிருக்கும். லேபலில் ஆங்கில ஆர் எழுத்துடன் 600ஏ என்று இருந்தால் அதிலுள்ள காஸ் தீப்பற்றக்கூடியது. பெட்டியைத் தொடும்போது ‘சொட்’ என்று அடித்தால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

கேட்பது நமது உரிமை

குப்பி விளக்கின் மண்ணெண்ணெய் போல் பெட்டியின் காஸ் எரிந்து முடிவதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். காஸ் முடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், “எங்கே கசிகிறது? அதை அடைத்துவிட்டா நிரப்புவீர்கள்? எத்தனை மாத உத்தரவாதம்?” என்று கேளுங்கள். பற்றுச்சீட்டும் வாங்குங்கள்.

வாங்கும்போதும் அப்படியே. கடையில் இரண்டு மணி நேரமாவது ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். லேபலை வாசிக்கத் தெரிந்த மகளையோ மகனையோ கூட்டிச் செல்லுங்கள். தட்டுக்கள் போத்தல் படுக்க வைக்கும் வளைவோடு இருந்தால் அது வைன் பெட்டி. லேபலில் 70 வாற் என்றிருக்கும் தகட்டுப் பெட்டி எமது வெயிலில் ஓய்வின்றி ஓடினால் ஒரு நாளைக்கு 1.68 அலகு, மாதத்துக்கு ஏறத்தாழ 50 அலகு செலவாகும். அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும் என்பதை மறவாதீர்கள்.

வன்னியில் நாம் நீண்ட காலம் மின்சாரம் இன்றியே வாழ்ந்தோம். மின்சாரப் பொருட்களைப் பற்றித் தெரியாதது எமது குறையல்ல. ஆனால் அந்தத் தெரியாமையை வைத்துப் பிறர் உழைக்க இனியும் இடமளிக்கலாகாது. தெரிந்த ஒருவர் தெரியாத இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த எட்டு விடயங்களையும் வாசித்துக் காட்டுங்கள். ஒரு சகோதரியின் சீட்டுக் காசாவது மிஞ்சும்.