பழைய ஸ்பூனுக்குப் பாரை மீன் சிக்கும்!

கைப்பிடி வளைந்துபோன எவர்சில்வர் ஸ்பூனைப் பழைய இரும்புக் கடையில் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். கடலுக்குள் அது மின்னி மின்னி அசைந்தால், பசியோடு திரியும் பாரை மீனின் கண்ணுக்கு அது ஸ்பூன் இல்லை... அடிபட்ட மத்தி!

விடுமுறை நாள்களில் தூண்டிலோடு கடற்கரைக்குக் கிளம்புபவர்களில் பலர் இப்போது இறாலும் புழுவும் தேடி அலைவதில்லை. உலோகம், மரம், பிளாஸ்டிக்கில் செய்த போலி இரைகளை வீசுகிறார்கள். லூர், ஜிக் என்று கடைகளில் விற்கும் இவற்றில் நல்லதாக ஒன்று வாங்கினால் சில நூறு ரூபாய் ஆகும். பாறை இடுக்கில் ஒருமுறை மாட்டி நரம்பு அறுந்தால், அவ்வளவும் கடலோடு போச்சு. அதனால்தான் வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆசை வருகிறது.

செலவு குறைவு, பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம், நாமே செய்த இரையில் மீன் கடிக்கும் சந்தோஷமே தனி. ஆனால், இந்தப் பொழுதுபோக்கில் ஒரே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அது அடுப்பில் ஈயம் உருக்குவது. அது இல்லாமலே நல்ல போலி இரை செய்ய முடியும்.

மீன் ஏன் ஏமாறுகிறது?

பின்லாந்தைச் சேர்ந்த லவ்ரி ராபாலா என்ற மீனவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கூட்டமாகப் போகும் சிறு மீன்களில் தடுமாறி நீந்தும் மீனைத்தான் பெரிய மீன்கள் குறிவைத்தன. அந்தத் தடுமாற்றத்தை அப்படியே கொண்டுவர, 1936-ல் கார்க்கைச் செதுக்கி ஒரு போலி மீன் செய்தார். பளபளப்புக்குச் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள். மேல்பூச்சுக்கு உருக்கிய போட்டோ நெகட்டிவ். வீட்டில் கிடைத்ததை வைத்துச் செய்த அந்த இரைதான், பிறகு உலகம் முழுக்க விற்கும் பெரிய நிறுவனத்துக்கு அடித்தளம் ஆனது.

அவர் வீசியது ஏரியில். ஆனால், கடல் மீனுக்கும் இதே கணக்குதான். மீனின் உடலில் இரு பக்கமும் ஓடும் உணர்வுக்கோடு, தண்ணீரின் சின்ன அதிர்வைக்கூடக் கண்டுபிடித்துவிடும். அதனால் இரையின் அசைவுதான் முக்கியம். நிறத்துக்கு அடுத்த இடம்தான். சிவப்பு நிறம் சில மீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடும் என்பதால், அடி ஆழத்தில் தேடும்போது சிவப்புப் பெயின்ட்டை நம்பிப் பயனில்லை.

ஸ்பூன் லூர்

* கனமான எவர்சில்வர் டேபிள் ஸ்பூனை எடுத்து, கைப்பிடியை ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். வெட்டிய ஓரத்தை அரத்தால் மழமழவென்று தேயுங்கள். கூர்மையாக விட்டால் விரலும் கிழியும், நரம்பும் அறுபடும்.

* குழியின் இரு முனைகளிலும், ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி 3 மி.மீ. துளை போடுங்கள். டிரில் வழுக்காமல் இருக்க, முதலில் ஆணியால் தட்டி ஒரு சின்னப் பள்ளம் செய்துகொள்ளுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவான வேகத்தில் துளையிடுங்கள். கண்ணாடி அணிவது கட்டாயம். ஸ்பூனைக் கையில் பிடிக்காமல் வைஸில் இறுக்குங்கள்.

* சாவிக்கொத்து வளையம் போன்ற சிறிய இரட்டைச் சுற்று வளையங்களை இரு துளைகளிலும் மாட்டுங்கள். கைப்பிடி இருந்த பக்கம் சுழலும் கொக்கி. அதில்தான் நரம்பைக் கட்ட வேண்டும். அகன்ற பக்கம் தூண்டில் முள். வளையம், முள் எல்லாம் உப்புத் தண்ணீருக்கென்று விற்கும் ரகமாக இருக்கட்டும்.

வாளித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். இரு பக்கமும் ஆடினால் சரி. கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே இருந்தால் ஸ்பூனின் வளைவைக் கொஞ்சம் தட்டி நிமிர்த்துங்கள்.

கம்பி ஜிக்

ஆழத்தில் இறக்கித் தூக்கித் தூக்கி ஆட்டும் ஜிக்குக்கு எடை வேண்டும். அதற்குத்தான் பலரும் ஈயத்தைத் தேடுகிறார்கள். பதிலாக, எவர்சில்வர் உருட்டுக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 8 மி.மீ. தடிமனில் 8 செ.மீ. நீளம் வெட்டினால் சுமார் 30 கிராம். 12 மி.மீ. தடிமனில் 10 செ.மீ. என்றால் சுமார் 90 கிராம். உங்கள் தூண்டில் கம்பு எத்தனை கிராம் தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அதற்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

பக்கத்தில் உள்ள லேத் பட்டறையில் கொடுத்தால் இரு முனைகளையும் தட்டையாக்கித் துளை போட்டுக் கொடுப்பார்கள். ஒரு பக்கத்தைச் சாய்வாகச் சீவச் சொல்லுங்கள். கீழே இறங்கும்போது அந்தச் சாய்வுதான் ஜிக்கைத் தள்ளாட வைக்கும். முள்ளை மேல்முனையில், உறுதியான கயிற்றில் தொங்கவிடுங்கள். அடியில் கட்டினால் பாறையில் சிக்கும்.

பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. வண்ண நூலும் சேவல் இறகும் எடுத்துக் கொடுத்து முள்ளின் கழுத்தில் கட்டச் சொல்லலாம். முள்ளின் கூர்முனையில் மட்டும் முதலில் ஒரு துண்டு கார்க் செருகிவிடுங்கள். நூல் கட்டு பிரியாமல் இருக்க, அம்மாவின் நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு போதும்.

ஈயம் மட்டும் வேண்டாம்

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சமையல் கேஸ் அடுப்பே போதும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. உருகிய ஈயத்தின் மேல் படியும் ஆடையும் தூசியும் சமையல் மேடை, பாத்திரம், துணி என்று எல்லா இடத்திலும் ஒட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் அது நொடியில் ஆவியாகி, கொதிக்கும் ஈயத்தை முகத்தில் தெறிக்க வைக்கும்.

பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல், வயிற்றுக்குள் போகும் ஈயத்தை உறிஞ்சுகிறது. அது வளரும் மூளையைப் பாதித்து, படிப்பையும் கவனத்தையும் கெடுக்கும். கர்ப்பிணியின் உடலில் சேர்ந்தால் வயிற்றுப் பிள்ளையையும் எட்டும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-ல் சொன்னது.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பது இன்னும் மோசம். அமிலமும் சேர்ந்துகொள்ளும். கடையில் வாங்கிய ஈயக்குண்டாக இருந்தாலும் பல்லால் கடித்து நரம்பில் பொருத்தாதீர்கள். சாப்பாட்டு டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.

ஈயத்தைவிட இரும்பு எடை குறைவு என்பது உண்மைதான். அதே எடைக்கு ஜிக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், கொஞ்சம் மெதுவாக இறங்கும். அதனால் என்ன? ஜிக் கீழே இறங்கும் நேரத்தில்தான் மீன் அடிக்கடி பாய்கிறது. அதற்கு இன்னும் இரண்டு விநாடி கூடுதலாகக் கிடைக்கட்டுமே!

வீசிய பிறகு...

வீட்டுக்கு வந்ததும் இரைகளை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்துக் காயவையுங்கள். எவர்சில்வரையும் உப்பு விட்டுவைக்காது. துருப்பிடித்த வளையத்தை உடனே மாற்றிவிடுங்கள். முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால், குட்டி மீன்களைக் காயமில்லாமல் திருப்பி விடலாம். தவறி நம் விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழற்றலாம்.

வஞ்சிரம் கிடைக்கிறதோ இல்லையோ, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பூனை அறுத்துப் பாருங்கள். அடுப்பு மட்டும் மீன் குழம்புக்காகக் காத்திருக்கட்டும்!